முதல் வாரமே கொலம்பஸா? டெக்சஸ் எடுக்கிற ரிஸ்க் எவ்வளவு?

வாசகர் கேள்வி, 2025 ஆகஸ்ட் 18

அண்ணா, டெக்சஸ் யுனிவர்சிட்டியோட அமெரிக்கன் ஃபுட்பால் டீமான நம்ம லாங்ஹார்ன்ஸ், வரலாற்றிலேயே முதல் தடவையா சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே ஏபி ரேங்கிங்ல (பத்திரிகைக்காரங்க ஓட்டுப் போட்டு வர்ற தர வரிசை) நம்பர் ஒன். இந்த நிலைமையில முதல் ஆட்டமே போன சீசன் சாம்பியன் ஓஹாயோ ஸ்டேட்டோட, அதுவும் அவங்க ஊர் கொலம்பஸ்ல. சான் ஹோசே ஸ்டேட் அடுத்த வாரம் நம்ம ஊர் ஆஸ்டினுக்கு வர்றாங்க. அவங்களோட முதல்ல ஆடிட்டு அப்புறம் போயிருக்கக் கூடாதா? இது தேவையில்லாத ரிஸ்க்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?

2025 ஆகஸ்ட் 19

இது பல வருஷத்துக்கு முன்பே போட்ட ஒப்பந்தம், தம்பி. இந்த முறை நாம் போகிறோம், அடுத்த வருஷம் அவர்கள் வருகிறார்கள். கையெழுத்துப் போட்ட நாளில் இரண்டு அணியும் எந்த நிலையில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இப்போது அளக்க வேண்டியது ரிஸ்க் எவ்வளவு என்பதை மட்டும்தான்.

ஜனவரியில், சாம்பியனைத் தீர்மானிக்கும் ப்ளேஆஃபின் அரையிறுதியான காட்டன் பவுலில் நம்மை 28-14 என்று வென்ற அணி இப்போது இல்லை. அதிலிருந்து 14 பேரைத் தொழில்முறை லீகான என்எஃப்எல் எடுத்துக்கொண்டது. எதிரணியைத் தடுக்கிற டிஃபென்ஸ் லைனில் முன்னால் நின்ற நான்கு பேரும் போய்விட்டார்கள். நம் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி எறிகிறவன்) குவின் யூவர்ஸ் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டு 83 யார்டு ஓடினானே ஜாக் சாயர், அவனும் அதில் ஒருவன். அவர்கள் குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் போய்விட்டான். இப்போது வருகிற ஜூலியன் சாயின் கல்லூரி ஆட்டம் ஒன்றைக்கூட முதலிலிருந்து ஆடியதில்லை. டிஃபென்ஸ் கோச் ஜிம் நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்குப் போய், மேட் பட்ரீசியா வந்திருக்கிறார். பந்தயம் போடுகிறவர்கள் ஓஹாயோ ஸ்டேட் ஜெயிக்கும் என்று மூன்று புள்ளிக்கும் குறைவான வித்தியாசம்தான் கொடுக்கிறார்கள். சொந்த மைதானத்துக்கே ஏறக்குறைய அவ்வளவு கொடுப்பது வழக்கம். அப்படியென்றால் இரண்டு அணியையும் சமமாகத்தான் பார்க்கிறார்கள்.

என் முடிவு: ஜெயிக்கலாம். 27-20.

2025 ஆகஸ்ட் 20

2005-இல் நாம் கொலம்பஸ் போய் ஆடிய ஆட்டம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆட்டம்தான் என்னை இந்தப் பைத்தியத்தில் தள்ளியது.

அந்த ஆகஸ்டில்தான் எம்.எஸ். படிக்க ஆஸ்டின் வந்து இறங்கினேன். செப்டம்பர் 10, சனிக்கிழமை இரவு. அறையில் நான்கு பேர், ஒரு பழைய டிவி, ஒரு பெரிய பாத்திரம் நிறைய தக்காளி சாதம். டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சியில் ஒன்று) என்றால் என்ன என்றே எனக்குத் தெரியாது. பக்கத்து அறைப் பையன் காகிதத்தில் கோடு போட்டு விளக்கிக்கொண்டே இருந்தான். ஓஹாயோ ஸ்டேட் திரும்பத் திரும்ப நம் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று ஃபீல்ட் கோல் (பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்துக்கொண்டிருந்தது, மொத்தம் ஐந்து. "மூணு மூணா எடுக்கிறவன் தோப்பான், பாரு" என்றான் அவன். ஆட்டம் முடிய 2 நிமிஷம் 37 நொடி இருக்கும்போது நம் குவார்ட்டர்பேக் வின்ஸ் யங் போட்ட பந்தை லைமஸ் ஸ்வீட் கோட்டுக்கு அப்பால் எண்ட் சோனில் பிடித்தான், ஆறு புள்ளி டச்டவுன். கடைசியில் ஒரு சேஃப்டியும் (இரண்டு புள்ளி) கிடைத்து 25-22 என்று ஜெயித்தோம். நான்கு பேரும் கத்தியதில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அந்த சீசன் ரோஸ் பவுலில் யுஎஸ்சியை 41-38 என்று வென்று சாம்பியன் பட்டத்தில் முடிந்தது.

இந்த மாதிரி ஆட்டம் இல்லாமல் ஒரு சீசனை என்னால் யோசிக்கவே முடியவில்லை. அதனால்தான் நேற்று அவ்வளவு சுலபமாக "ஜெயிக்கலாம்" என்று எழுதிவிட்டேன் போல.

2025 ஆகஸ்ட் 21

ராத்திரி தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தபோது ஒன்று உறைத்தது. 2005-இல் கொலம்பஸ் போனது இரண்டாவது வாரம். அதற்கு முன் லூயிசியானா-லாஃபயெட்டை ஆஸ்டினில் 60-3 என்று அடித்துவிட்டுத்தான் போனோம். 2023-இல் அலபாமாவை அவர்கள் மைதானத்திலேயே 34-24 என்று வென்றது? அதுவும் இரண்டாவது வாரம், முதலில் ரைஸ். 2024-இல் மிச்சிகனில் 31-12? அதற்கு முந்தின வாரம் கொலராடோ ஸ்டேட்டை 52-0. அலபாமா அதற்கு முன் சொந்த மண்ணில் தொடர்ந்து 21 ஆட்டம் தோற்காத அணி, மிச்சிகன் 23. இரண்டையும் நாம்தான் உடைத்தோம். ஆனால் மூன்று தடவையும் ஒரு ஆட்டம் ஆடி உடம்பைத் தேய்த்துக்கொண்டு போனோம்.

இந்த முறை நேராகப் போகிறோம். தம்பி கேட்டது அதைத்தான். நான் ஒப்பந்தக் கதை சொல்லித் தாண்டிப் போய்விட்டேன். கேள்வி சரியான கேள்வி.

இன்னொரு தப்பும் செய்தேன். அவர்கள் பக்கம் போனவர்களை மட்டும் எண்ணினேன். நம் பக்கம்? ஆஃபென்ஸ் லைனில், குவார்ட்டர்பேக்கைக் காக்கிற ஐந்து பேரில் நான்கு பேர் போய்விட்டார்கள். கெல்வின் பேங்க்ஸ் என்எஃப்எல் தேர்வின் முதல் சுற்றிலேயே நியூ ஆர்லியன்ஸுக்குப் போனான். டிஜே கேம்ப்பெல் ஒருவன்தான் மிச்சம். இப்போது நம் குவார்ட்டர்பேக்கான ஆர்ச் மேனிங் போன சீசனில் இரண்டு ஆட்டம்தான் முதலிலிருந்து ஆடினான், இரண்டும் ஆஸ்டினில். புது லைன், புது குவார்ட்டர்பேக், லட்சம் பேர் சத்தம்.

27-20 என்று போட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பாதிக்குப் பாதி.

2025 ஆகஸ்ட் 24

ஒருவர் எழுதியிருக்கிறார்: "போன வருஷம் நோட்டர் டேம் முதல் வாரமே டெக்சஸ் ஏ அண்ட் எம் மைதானத்துக்குப் போய் 23-13 என்று ஜெயித்தது. அவர்கள் லைனில் இடது டேக்கிளாக (லைனின் இடது ஓரம்) நின்றது கல்லூரிக்கு அப்போதுதான் வந்த பையன். உங்கள் இரண்டாவது வாரக் கணக்கு என்ன ஆச்சு?"

மறுக்க முடியாது. அந்த ஆட்டத்தை நானே பார்த்தேன். நம் பரம எதிரி ஏ அண்ட் எம் தோற்றால் எங்கள் வீட்டில் பாயசம், அதனால் நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அடுத்த வாரம் நடந்ததையும் பாருங்கள். அதே நோட்டர் டேம் சொந்த ஊரில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்றது. பெரிய ஆட்டத்துக்காக ஆறு மாசம் தயாரான அணி, அது முடிந்ததும் தளர்ந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படியும் அவர்கள் ஃபைனல் வரை போனார்கள். ஒரு தோல்வியோடு சீசன் முடிந்துவிடாது. முந்தைய நாட்களில் நான்கு அணிக்குத்தான் ப்ளேஆஃப், இப்போது பன்னிரண்டு.

மூன்று ஆட்டத்தை வைத்து விதி எழுதக் கூடாதுதான். என்றாலும் இரண்டாவது வாரத்தை நான் விடுவதாக இல்லை.

2025 ஆகஸ்ட் 25

"இதைவிட ரிஸ்க்கான வெளியூர் ஆட்டம் உண்டா?"

உண்டு. 2018 செப்டம்பர் 22, வர்ஜினியா டெக் நார்ஃபோக்குக்குப் போய் ஓல்ட் டொமினியனோடு ஆடியது. ரேங்கிங்கில் 13-ஆவது இடம், நான்கு டச்டவுன் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று எல்லாரும் போட்டிருந்தார்கள். எதிரணி அந்த வருஷம் ஆடிய மூன்றிலும் தோற்ற அணி. முடிவு 49-35, வர்ஜினியா டெக் தோல்வி. ஜெயித்திருந்தால் யாரும் ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்கள், தோற்றதால் இன்றுவரை பேசுகிறோம். சின்ன அணியின் ஊருக்குப் போவதுதான் நிஜமான சூதாட்டம். கொலம்பஸில் தோற்றால் குறைந்தபட்சம் யாரிடம் தோற்றோம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

2025 ஆகஸ்ட் 26

போன வாரம் வந்த இரண்டு செய்தி. ஒன்று, நம் அணி இருக்கும் கான்ஃபரன்ஸான (அணிகளின் கூட்டமைப்பு) எஸ்இசி 2026 முதல் தன் அணிகளுக்குள்ளேயே ஒன்பது ஆட்டம் ஆடப்போகிறது. இரண்டு, ப்ளேஆஃபுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி தன் கணக்கு முறையை மாற்றியிருக்கிறது. வலுவான அணியிடம் தோற்றால் வெட்டு குறைவாம். இரண்டாவதை நம்பித்தான் நான் இன்னும் "போகலாம்" பக்கம் நிற்கிறேன்.

2025 ஆகஸ்ட் 29, கொலம்பஸ்

வந்து சேர்ந்தாயிற்று. இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் இங்கேதான் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நாளைக்கு அவள் சிவப்பு, நான் ஆரஞ்சு. டிக்கெட் அவள் மூலமாகத்தான் கிடைத்தது. அவளுடைய அறைத்தோழிகள் என் சட்டையைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்கள்.

சாயங்காலம் ஸ்டேடியத்தை ஒரு சுற்று நடந்தேன். 1922-இல் திறந்தது, குதிரை லாடம் மாதிரி ஒரு பக்கம் வளைவு. காலியாக இருக்கும்போதே நான் பேசியது எனக்குத் திரும்பக் கேட்டது. "நாளைக்குப் பாருங்கப்பா" என்றாள்.

2025 ஆகஸ்ட் 31

14-7. தோற்றுவிட்டோம்.

ஸ்கோர் எல்லாருக்கும் தெரியும். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நம் பையன்கள் பந்தோடு வந்து குனியும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் எழுந்தது. காதில் கேட்பது என்று சொல்ல முடியாது. உட்கார்ந்திருக்கும் பலகை அதிர்ந்தது, கையிலிருந்த கோப்பையில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. 1,07,524 பேர். ஹெல்மெட்டுக்குள் கோச் பேசும் ரேடியோ, ஒவ்வொரு முயற்சிக்கும் தனியாக ஓடும் கடிகாரத்தில் 15 நொடி மீதி இருக்கும்போது நின்றுவிடும். அதற்கு அப்புறம் குவார்ட்டர்பேக் பையன் தனி. வாய்விட்டு எண்ண முடியாது, எண்ணினாலும் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. லைனில் சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டு குனிந்த நிலையிலேயே தலையைத் திருப்பிக் கால்களுக்கு நடுவில் பின்னால் பார்க்கிறான். ஆர்ச்சிடமிருந்து ஒரு சைகை. கார்டு, பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரின் தொடையில் தட்டுகிறான். சென்டர் தலையை நிமிர்த்துகிறான். ஒரு மூச்சு. பந்து பின்னால் போகிறது. அந்த ஒரு மூச்சு எப்போது முடியும் என்று எதிரில் நிற்பவன் கண்டுபிடித்துவிட்டால் அவன் அரை அடி முன்னால் கிளம்பிவிடுவான். டேக்கிள் அவன் பின்னால்தான் ஓட வேண்டும். இதைத்தான் நான் முழு ஆட்டமும் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தை விட்டுவிட்டு அந்தத் தட்டுகிற கையையே பார்த்தேன்.

இது பழகப் பழக வருகிற வேலை. ஆஸ்டினில் ஸ்பீக்கர் வைத்துப் பழகலாம். ஆனால் எதிரில் நிற்பவன் நிஜமாக அடிக்க வருகிறவனாக இருக்கும்போது பழக ஒரு ஆட்டம் வேண்டும். அந்த ஒரு ஆட்டம்தான் நமக்கு இல்லை.

மூன்றாவது குவார்ட்டரில் நீளமாக ஒரு டிரைவ் எடுத்து அவர்கள் கோட்டுக்கு ஒரு யார்டு வரை வந்துவிட்டோம். நாலாவது டவுன். ஃபீல்ட் கோல் வேண்டாம் என்று ஆர்ச்சே பந்தோடு உள்ளே நுழைந்தான். நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்தக் காகிதத்தில் கோடு போட்ட பையன் ஞாபகம் வந்தான். 2005-இல் மூன்று மூன்றாக எடுத்தவன் தோற்றான், நேற்று மூன்றை வேண்டாம் என்றவன் தோற்றான். நாலாவது டவுனில் ஐந்து தடவை முயன்று ஒன்றுதான் கிடைத்தது. மொத்த யார்டில் நாம்தான் அதிகம், 336-க்கு 203.

ஆர்ச் எறிந்த 30-இல் 17 போய்ச் சேர்ந்தது, 170 யார்டு, ஒரு டச்டவுன், எதிரணி பிடித்துக்கொண்ட ஒரு இன்டர்செப்ஷன். சாயின் 20-இல் 13, 126 யார்டு. அந்தப் பையனிடம் யாரும் ஆட்டத்தை ஜெயித்துக் கொடு என்று கேட்கவில்லை, கெடுக்காமல் இரு என்று மட்டும் சொன்னார்கள். நாலாவது குவார்ட்டரில் கார்னெல் டேட்டுக்கு ஒரே ஒரு 40 யார்டு டச்டவுன் பந்து. சொந்த மண்ணில் ஆடுகிறவனுக்கு அது போதும். சாயினுக்கும் முதல் ஆட்டம்தான், ஆனால் அவன் குனியும்போது ஊரே வாயை மூடிக்கொண்டது.

முடிந்ததும் கோபுரத்தில் மணி அடிக்க ஆரம்பித்தார்கள். நாங்கள் காரை அடையும் வரை அடித்துக்கொண்டே இருந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், ஒன்றும் பேசவில்லை.

2025 செப்டம்பர் 1

முந்தாநாள் அலபாமாவும் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குப் போய் 31-17 என்று உதை வாங்கியது. எல்எஸ்யு மட்டும் கிளெம்சனுக்குப் போய் 17-10 என்று ஜெயித்துத் திரும்பியது. அவர்கள் குவார்ட்டர்பேக் கேரட் நஸ்மையர் பழுத்த ஆள், போன சீசன் முழுக்க ஆடியவன். இரண்டாவது வாரக் கணக்கை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: எந்த வாரம் என்பதைவிட, பந்தைக் கையில் வாங்குகிறவன் இதற்கு முன் இப்படிப்பட்ட சத்தத்தில் நின்றிருக்கிறானா?

2025 செப்டம்பர் 7

திருத்தத்துக்குச் சாட்சி கிடைத்தது. நேற்று மிச்சிகன் ஓக்லஹோமாவுக்குப் போனது, இரண்டாவது வாரம். முதல் வாரம் வீட்டில் ஆடிவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் குவார்ட்டர்பேக் ப்ரைஸ் அண்டர்வுட் பள்ளியிலிருந்து நேராக வந்தவன். எறிந்த 24-இல் 9தான் சேர்ந்தது. 24-13 தோல்வி. 2023-இலும் 2024-இலும் நமக்கு வேலை செய்தது முதல் வார ஆட்டம் என்று நினைத்திருந்தேன். அப்போது ஆடிய யூவர்ஸ் அனுபவசாலி என்பதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. ஆகஸ்ட் 21 குறிப்பைப் படிக்கிறவர்கள் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

2025 அக்டோபர் 5

ஃப்ளோரிடாவில் 29-21 தோல்வி. ஆர்ச்சை ஆறு தடவை சாய்த்தார்கள். இப்போது எழுத மனசில்லை.

2025 டிசம்பர் 8

9 வெற்றி, 3 தோல்வி. கமிட்டி நேற்று 13-ஆவது இடம் கொடுத்தது. ப்ளேஆஃபுக்கு வெளியே. 10-3 என்று நிற்கும் அலபாமா உள்ளே, அவர்களும் முதல் வாரம் வெளியூரில் தோற்றவர்கள்தான்.

நம் கோச் ஸார்க்கிஷியன் சில நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: கொலம்பஸ் போகாமல் இருந்திருந்தால் 10-2, ப்ளேஆஃபில் இருந்திருப்போம் என்று. தம்பி அப்போதே கேட்டது இதுதான். கூட்டிக் கழித்தால் அவர் சொல்வது சரி. ஓக்லஹோமாவை 23-6, அதுவரை தோல்வியே காணாத ஏ அண்ட் எம்மை 27-17 என்று வென்ற அணியை 10-2 என்று வந்தால் யாரும் வெளியே நிறுத்தியிருக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 26-இல் புதுக் கணக்கு முறையை நம்பினேன். அந்த நம்பிக்கை நிற்கவில்லை.

ஆனால் ஓஹாயோ ஸ்டேட்டின் வழக்கமான சீசனைப் பாருங்கள், 12-0. பன்னிரண்டு ஆட்டத்திலும் அந்த டிஃபென்ஸ் ஒருவருக்கும் 16-க்கு மேல் கொடுக்கவில்லை. அவர்கள் மண்ணில் முதல் ஆட்டத்தில் ஏழு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது தோல்விதான், அவமானம் இல்லை. 4-8 என்று முடித்த ஃப்ளோரிடாவிடம் தோற்றதுதான் நம்மை வெளியே தள்ளியது.

2025 டிசம்பர் 10

மேலே எழுதியதை இரண்டு நாள் கழித்துப் படித்தேன். இரண்டு பத்தியும் ஒன்றுக்கொன்று முட்டுகிறது என்று மூன்று பேர் சொல்லியிருக்கிறீர்கள். முட்டட்டும். இரண்டுமே உண்மை. கொலம்பஸ் நமக்கு ஒரு இடத்தைப் பறித்தது. ஃப்ளோரிடாவும் அதே இடத்தைப் பறித்தது. ஒன்றை மட்டும் நீக்கினாலும் உள்ளே போயிருப்போம்.

எனக்கு வருத்தம் வேறு. இதைப் பார்த்து மற்ற அணிகள் இப்படிப்பட்ட ஆட்டங்களை ரத்து செய்ய ஆரம்பித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அப்படி நடந்தால் இனி ஆஸ்டினுக்கு வந்து இறங்கும் ஒரு பையனுக்கு முதல் செப்டம்பரில் 60-3 மட்டும்தான் காணக் கிடைக்கும். தக்காளி சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து நிற்க ஒன்றும் இருக்காது. என்னைக் கேட்டால் போயிருக்கத்தான் வேண்டும், ஆனால் இரண்டாவது வாரம்.

2026 ஜனவரி 2

ப்ளேஆஃபில் சேராத சிட்ரஸ் பவுலில் மிச்சிகனை 41-27 என்று வென்றோம். ஆர்ச் அடுத்த சீசனுக்கும் திரும்பி வருகிறான். 10-3 என்று முடிந்தது.

2026 அட்டவணையை மகள் அனுப்பியிருக்கிறாள். ஓஹாயோ ஸ்டேட் ஆஸ்டினுக்கு வருவது செப்டம்பர் 12. நான் கேட்ட இரண்டாவது வாரம், ஆனால் இந்த முறை அந்த வசதி அவர்களுக்கு. ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வருவார்கள். தம்பி, நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள், நான் இந்த முறை ஸ்கோர் எழுதவில்லை.

மகள் வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிடுவாளாம், அறைத்தோழிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. "மணி இருக்காதேப்பா" என்றாள். நாம் புள்ளி எடுத்தால் வெடிக்கிற பீரங்கி இருக்கிறது என்றேன்.